காயாத பிள்ளை

சுதாகரின் மகன் கௌதமன் உடம்பு காயாமல் பிறந்தான். திருத்தணி ஆஸ்பத்திரியில் அவனை முதலில் தூக்கிய நர்சம்மாவின் கட்டைவிரல் அவன் தொடையில் பதிந்தது; அந்தக் குழி அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்தார், அவர் விரலும் பதிந்தது. பால் குடிக்கிறான், எடை சரியாக இருக்கிறது, தொடும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துத் தொடுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பார்த்துத் தொடுவதெல்லாம் இந்த ஊரில் நடக்கிற காரியமா? குழந்தையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தால்தான் இங்கே மனசு ஆறும். சுதாகரின் அம்மா கன்னியம்மாள் வாசலிலேயே பேரனின் கன்னங்களை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கிச் சொடுக்கினாள். இரண்டு கன்னத்திலும் குழி விழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. திருஷ்டிப் பொட்டு வைத்த இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு பள்ளம். சுதாகரோடு விசைத்தறி ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்த பள்ளிப்பட்டு சொந்தக்காரர்கள், மலையிறங்கிய கையோடு வந்து ஆளுக்கொரு விரல் பதித்துவிட்டு பஸ் பிடிக்கப் போனார்கள்.

பெற்றவள் சினேகா மட்டும் அவனைத் தூக்கவில்லை. அவள் மணவூர் சர்ச்சில் ஞாயிறு வகுப்பு போய் வளர்ந்தவள். கடவுள் மண்ணை எடுத்து மனிதனைச் செய்தார், செய்து முடித்துப் பார்த்தார், நன்றாக இருந்தது, ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்று படித்து, அதைச் சந்தேகமில்லாமல் நம்பியவள். வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது, இனி அதன்மேல் மனுஷ விரல் பட்டால் கெடத்தான் செய்யும் என்பது அவள் எண்ணம். முதல் முறை பால் கொடுத்தபோது அவள் கட்டைவிரல் பிள்ளையின் கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. அன்று அழுது தீர்த்தவள், பிறகு பாயில் பக்கத்தில் படுத்து, கை படாமல்தான் பால் கொடுத்தாள். குளிப்பாட்டுவது கன்னியம்மாள், தூக்கிக்கொண்டு உலாத்துவது சுதாகர். பிள்ளை பால் குடித்துக்கொண்டே கையை நீட்டித் துழாவும். அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொள்வாள். பெற்ற பிள்ளையை அணைக்க முடியாமல் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"நான் கிள்னாலே சிரிக்கிறான். பெத்தவ தொட்டா கெட்டா பூடுவான்?" என்று கேட்டாள் கன்னியம்மாள்.

"ஆண்டவர் செஞ்சது அத்தை. என் கை பட்டு அது கெடக் கூடாது" என்றாள் சினேகா.

மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டை மாற்ற பிள்ளையைப் புரட்டிய சுதாகர் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். முதுகில் ஒரு முழுக் கை பதிந்திருந்தது. முந்தின நாள் அது இல்லை. சுதாகர் தன் கையை அதன்மேல் வைத்தான், உள்ளே அடங்கிவிட்டது. தெருவில் ஒவ்வொருவராக வந்து வைத்துப் பார்த்தார்கள். கறிக்கடை தணிகைவேலின் கைதான் இந்தப் பக்கத்திலேயே பெரிய கை, அதுவும் பத்தவில்லை. சர்ச்சிலிருந்து வந்த போதகரும் வைத்துப் பார்த்துவிட்டு டீ குடித்தார். மலைமேல் இருக்கிறவர் கை என்றார்கள் சுதாகரின் சொந்தக்காரர்கள். சினேகா யாரோடும் வாதாடவில்லை. மறுநாள் காலை அந்தக் கை இறங்கி இடுப்பைத் தாங்கினாற்போல் இருந்தது. அதற்கும் மறுநாள் பிடரியில், தலை நிற்காத பிள்ளையைத் தூக்குகிறவர்கள் ஏந்திப் பிடிக்கும் இடத்தில்.

சினேகா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தாள், எங்கே முடிந்தது? செய்தவர் இன்னும் கையை எடுக்கவே இல்லை. தான் தூக்காத நேரமெல்லாம் பிள்ளையை யார் தூக்கி வைத்திருந்தார் என்பது புரிந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. குனிந்து அவனை இரண்டு கையாலும் அள்ளினாள். பத்து விரலும் பதிந்தன. அவன் அழவில்லை. அவள் நெஞ்சில் சாய்ந்து, இத்தனை நாள் துழாவிய கையால் அவள் முன்கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். மெல்ல அவன் பிடியை விலக்கியபோது, அவள் முன்கையில் சின்னச் சின்ன விரல்களின் குழிகள் வரிசையாக இருந்தன. தடவிப் பார்த்தாள், மறையவில்லை.

"அத்தை, நானும் இன்னும் காயல" என்றாள்.

கன்னியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். "ஆங், ஆமாம். அப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்தே சுத்திப் போட்றேன்" என்று உப்பும் மிளகாயும் எடுக்கப் போனாள்.

கௌதமன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வெயில் காலத்தில் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருக்கிறான். மழை பிடித்தால் கொஞ்சம் இளகுவான். ஊரார் விரல்களெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அந்தப் பெரிய கை மட்டும் காலைக்குக் காலை இடம் மாறுகிறது. தினமும் அவன் சட்டையைத் தூக்கி, அது இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள் சினேகா. அதன்மேல் தன் கையை வைத்து, கண் படும் என்ற பயமில்லாமல், நல்லா இருக்கு என்று வாய்விட்டுச் சொல்வாள். பிறகு பட்டன் போட்டுத் தலை வாரிவிடுவாள். அதற்குள் பஸ் வந்துவிடும்.