யாரும் கை வைக்காதீங்க

ரங்கராஜ் தன் சக்கர நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினால் போதும், எதிர்வீட்டு நஞ்சுண்டன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிடுவார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். "ஏனுங்க தம்பி, ஒரு கொரல் குடுக்க மாட்டீங்களா?" என்று செல்லமாய்க் கோபித்துக்கொள்வார்கள். அடுத்த நிமிடம் நாற்காலியோடு ரங்கராஜ் அந்தரத்தில் இருப்பார். லாரி விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து இரண்டு வருடம். பல்லடத்துக்குப் பக்கத்தில் அரசு நிதியில் கட்டிய இந்தக் குடியிருப்புக்கு வந்து எட்டு மாதம். டீ குடிக்கப் போனாலும் நாலு பேர், முடி வெட்டப் போனாலும் நாலு பேர். இவ்வளவு பாசக்காரர்களிடம் மனிதன் எப்படி எரிந்து விழுவது? ஒரே ஒரு நாளாவது தனியாகத் தெருவில் இறங்க வேண்டும் என்ற ஆசையை அவர் மனைவி பங்காரம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

வாசலில் சாய்தளம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஒன்றரை அடி உயரத்துக்கு ஆறடி நீளம். நஞ்சுண்டனின் பைக்கே அதில் முக்கி முனகித்தான் ஏறும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வீடுகள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்கக் கோவையிலிருந்து அதிகாரி லின்சி வந்தாள். "அண்ணா தனியா, பிறர் உதவியில்லாம வெளிய போய்ட்டு வர முடியுதுங்களா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"முடியுதுங்க மேடம்! தெனமும் போறாருங்க" என்றார் நஞ்சுண்டன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அவர் பிறரே இல்லை.

லின்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரங்கராஜைக் கீழே இறக்கிவிடச் சொன்னாள். "இப்ப அண்ணா ஏறட்டும். யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, சறுக்கினால் பிடிக்க அவள் மட்டும் பின்னால் நின்றுகொண்டாள். எட்டுக் கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின. மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் பாதியில் நாற்காலி பின்வாங்கியது. "பாவமுங்க மேடம், ஒத்தக் கை மட்டும்..." என்று நஞ்சுண்டன் தவித்தார். லின்சி 'முடியவில்லை' என்று எழுதினாள். பரீட்சையில் தோற்றுவிட்டு அத்தனை சந்தோஷப்பட்ட ஆளை அந்த வட்டாரம் பார்த்திருக்காது.

"சாய்தளம் பதினெட்டடி நீளம் வேணுங்க. இந்த வாசல்ல உங்க பைக் நிக்கற எடம் போயிருமுங்க" என்றாள் லின்சி நஞ்சுண்டனிடம்.

நஞ்சுண்டன் முகம் சுருங்கியது, பைக்குக்காக அல்ல. "அப்ப நாங்க வேண்டாமுங்களா தம்பி?"

ரங்கராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நாலு பேரு தூக்கற நாள் எப்படியும் வருமுங்கண்ணா. அதுவரைக்கும் நானே உருண்டுக்கறனே."

"வாயக் கழுவுங்க!" என்று பங்காரம்மா அவர் தோளில் ஒன்று வைத்தாள். நஞ்சுண்டன் சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்கை நகர்த்தினார்.

இரண்டு மாதம் கழித்து லின்சி மறுபடி வந்தாள். ரங்கராஜ் புதுச் சாய்தளத்தில் இறங்கினார், ஏறினார். அவள் படிவத்தை மூடுவதற்குள் மறுபடியும் இறங்கிவிட்டார். வாசலைத் தாண்டித் தார்ரோட்டில் சக்கரம் சரசரத்தது. முன்னால் பாய்ந்த நஞ்சுண்டன் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எங்கீங்க?"

"தெரியலீங்கண்ணா!"

"டீக்குத்தான் போவாருங்க" என்றாள் பங்காரம்மா, முகமெல்லாம் பல்லாக.

டீக்கடை இடது பக்கம். ரங்கராஜ் வலது பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் சோளக்காடும், அதற்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைகளும்தான்.