இன்னொருவரும் பார்க்கிறார்

1

இந்தக் கதை என்னிடம் வந்த வழியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தேனியில் ஒரு பயிற்சி மையம். இணையத்தில் நடக்கும் பண மோசடிகளைத் தடுக்கும் வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார்கள். அவர்களுடைய பாடப் புத்தகத்துக்கு ஒரு பக்க அளவில் ஒரு சம்பவம் எழுதித் தரச் சொன்னார்கள். நடை எளிமையாக இருக்க வேண்டும், கடைசியில் நீதி ஒரு கட்டம் போட்டு அதற்குள் வர வேண்டும். சரி என்றேன். அங்கே படித்த தேவயானி என்ற பெண்ணிடம் பேசி விவரம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

அவள் சொல்லி முடித்தபோது ஒரு பக்கம் போதாது என்று தெரிந்துவிட்டது. நீதியும் பிடிபடவில்லை. பாடமாக வேண்டியது அதனால்தான் கதையாகி உங்களிடம் வந்திருக்கிறது.

2

சுருளிப்பட்டியின் திராட்சைப் பந்தல்கள் மேல் பனி விலகிக்கொண்டிருந்த அந்தக் காலையில்…

(வேண்டாம். மாயக்காள் அன்று பந்தலையும் பார்க்கவில்லை, பனியையும் பார்க்கவில்லை.)

செயற்கை நுண்ணறிவு இன்று வங்கித் துறையில்…

(எனக்கே தூக்கம் வருகிறது.)

மாயக்காளின் போன் அடித்தது. இதுதான் தொடக்கம். அவளுடைய கணவர் சுருளிராஜன் விடியும் முன்பே ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். அங்கே சிக்னல் கிடைக்காது. மகள் கயல் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். வீட்டில் மாயக்காள் மட்டும்.

வீடியோவில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர். பின்னால் கொடி, முத்திரை. கயலின் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப் பொருள் பிடிபட்டிருக்கிறது என்றார். விசாரணை முடியும்வரை கேமரா முன்னால் இருந்து நகரக் கூடாது, கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது. மீறினால் கயலைக் கல்லூரியிலேயே வைத்துக் கைது செய்வார்கள். மகள் பேர் கெடாமல் இருக்க ஒரே வழி, கணக்கில் இருக்கும் பணத்தைச் சோதனைக்கு அனுப்புவது. நேர்மையான பணம் என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிடும்.

இந்த இடத்தில் வாசகருக்கு மாயக்காள் மேல் இளக்காரம் வந்துவிடக் கூடாது என்று எனக்குக் கவலை. கேரள வியாபாரிகளிடம் மலையாளத்திலேயே விலை பேசி, அவர்களை விலை ஏற்றவைக்கிறவள் அவள். உரக்கடைக்கு, மருந்துக்கு, கூலிக்கு எல்லாம் போனிலேயே பணம் போடுவாள். அவளை ஏமாளியாக எழுதினால் அது பொய். அன்று அவள் செய்தது எல்லாம் மகளுக்காக. "மரியாதையாத்தான் பேசுனாக அந்த ஆபீசர். மாட்டுக்குத் தண்ணி வைக்கட்டுமான்னு கேட்டேன். இப்ப வேணாம்மான்னு சொன்னாக" என்று அன்றைக்கே தேவயானியிடம் சொன்னாளாம்.

அவர் சொல்லச் சொல்ல, திராட்சை விற்ற பணம் முழுவதையும் அனுப்பப் பொத்தானை அழுத்தினாள். பணம் போகவில்லை.

3

வங்கியின் இயந்திரம் அதை நிறுத்தி வைத்திருந்தது.*

* இயந்திரம் என்று எழுதும்போது சக்கரமும் பல்லும் நினைவுக்கு வருகின்றன. அப்படி எதுவும் இல்லை. எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் ஓடும் கணக்கு அது. மாயக்காளின் முகத்தை அது பார்த்ததில்லை. அவள் எண்களை எப்படித் தட்டுவாள், எந்த இடத்தில் நிற்பாள், எத்தனை சுருக்காக முடிப்பாள் என்பது மட்டும் அதற்குப் பழக்கம். அன்று அவளுடைய விரல் தடுமாறியது. தட்டியதை அழித்துவிட்டு, அதையே மறுபடி தட்டியது. அவள் பயந்திருக்கிறாள் என்று இயந்திரம் அறிந்தது / உணர்ந்தது / கணக்கிட்டது. [சரியான வினைச்சொல் தெரியவில்லை. மூன்றையும் விட்டுவைக்கிறேன்.]

கட்டிய கணவருக்கு அது தெரியாது. அடுத்த வீட்டுக்குத் தெரியாது. கயல் அப்போது வகுப்பில் இருந்தாள். சாத்திய கதவுக்குள் ஒரு பெண்ணின் விரல் நடுங்கியது, எத்தனையோ ஊர்களுக்கு அப்பால் இருக்கும் ஏதோ ஒன்றுக்கு எட்டியிருக்கிறது. இதை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கும்பிடத் தோன்றுகிறது, கொஞ்சம் தள்ளி நிற்கவும் தோன்றுகிறது.

அந்த எச்சரிக்கை, வங்கியின் கம்பம் ஊர்க் கிளையில் தேவயானியின் திரைக்கு வந்தது. தேவதானப்பட்டிப் பெண். பயிற்சி முடியும் முன் வேலை பழக அங்கே அனுப்பியிருந்தார்கள். இயந்திரம் எதையாவது நிறுத்தினால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்பது அவள் பொறுப்பு. கூப்பிட்டாள். காக்கிச் சட்டைக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தபடியே மாயக்காள் தெளிவாகப் பேசினாள். நிலம் வாங்குகிறோம், கிரயத்துக்கு நேரமாகிறது, சீக்கிரம் விடுங்கள்.

என் முதல் வரைவில் இங்கே ஒரு பத்தி இருந்தது. மாயக்காளின் குரலில் ஏதோ ஒன்று தேவயானியின் நெஞ்சைத் தொட்டது, விடுவிக்கும் பொத்தானில் இருந்து அவள் விரலை விலக்கிக்கொண்டாள் என்று எழுதியிருந்தேன். தேவயானியிடம் படித்துக் காட்டியபோது அவள் முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தோணலக்கா. நெலத்துக்குன்னு சொன்னாக, நம்பிட்டேன். விடுறதுக்கு அமுக்கவும் செஞ்சேன். அத மாத்தி எழுதாதீக."

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அவள் விடுவித்ததை இயந்திரம் ஏற்கவில்லை. இரண்டாம் முறையும் நிறுத்தி, திரையில் ஒரே ஒரு வரி காட்டியது: இந்தப் போனின் திரையை இப்போது இன்னொருவரும் பார்க்கிறார்.

தேவயானிக்கு அது புரிந்தது. வகுப்பில் இதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தான் பேசிய நேரம் முழுவதும் ஒருவன் மௌனமாக அந்தப் போனுக்குள் உட்கார்ந்திருக்கிறான். கிளையில் வெளிவேலை பார்க்கும் இம்மானுவேலிடம் திரையைக் காட்டினாள். அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

4

சுருளிப்பட்டியில் மாயக்காள் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இம்மானுவேல் தட்டினார், வங்கியில் இருந்து வருகிறோம் என்றார், அடையாள அட்டையை ஜன்னலில் நீட்டினார். அதுதான் வினையானது. பேங்க் ஆள் என்று சொல்லிக்கொண்டு திருடர்கள் வருவார்கள், திறக்காதே என்று உள்ளே இருந்த குரல் முன்பே சொல்லிவைத்திருந்தது. அதேபோல ஓர் அட்டையை அந்தக் குரலும் காலையிலேயே காட்டியிருந்தது.

"போயிருங்க. இல்லேன்னா கூப்பாடு போடுவேன்" என்றாள் மாயக்காள்.

இம்மானுவேல் காவல் நிலையத்துக்குப் பேசத் தெருமுனைக்குப் போனார். தேவயானி மட்டும் நின்றாள். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாதக்கணக்கில் படித்தவள். உண்மையான ஆள் தன்னை எப்படி நிரூபிப்பது என்று அங்கே ஒரு பாடமும் இல்லை. சட்டை, அட்டை, முத்திரை, பதவி, குரல். தன்னிடம் இருப்பவை எல்லாம் அவனிடமும் இருந்தன. கூடுதலாக அவனிடம் ஒரு கொடியும் இருந்தது.

(இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். கதவை உடைக்கவைத்துப் பார்த்தேன். இரண்டுமே…)

அவள் செய்தது இவ்வளவுதான். ஜன்னலை விட்டு விலகி, கதவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"அம்மா, எங்கள நம்ப வேணாம். கதவத் திறக்க வேணாம். பணம் அனுப்பவும் வேணாம். நான் கேக்குறதுக்குப் பதிலும் சொல்ல வேணாம். எனக்கு உங்ககிட்ட ஒண்ணும் வேண்டியதில்ல. இங்கன படியில உக்காந்துருக்கேன்."

உட்கார்ந்துவிட்டாள். வெயில் படியில் நேராக விழுந்தது. கொட்டத்தில் மாடு கத்தியது. உள்ளே அந்தக் குரல் இப்போது மரியாதையை விட்டிருந்தது, அவசரப்படுத்தியது. வெளியே தேவயானி எழுந்திருக்கவில்லை.

வெகு நேரம் கழித்துத் தாழ் விலகியது. மாயக்காள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடியே நின்றாள். காலையில் இருந்து அப்படிப் பிடித்ததில் கை இறங்க மறுத்தது. திரையைப் பார்த்துப் பணிவாகக் கேட்டாள்:

"ஐயா, வாசல்ல ஆள் உக்காந்துருக்காக. செத்த நேரம் வச்சுட்டு வரட்டுமா?"

அழைப்பைத் துண்டித்துவிட்டான், திரை இருண்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கொட்டத்துக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அழுதது அங்கேதான். மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கயல் பெயரைச் சொல்லி. தேவயானி கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, மகளைப் பேசவைத்தாள்.

ஏன் கதவைத் திறந்தாள்? பிறகு சுருளிப்பட்டிக்குப் போய் நான் கேட்ட முதல் முறை, மாடு கத்தியது பொறுக்கவில்லை என்றாள். அடுத்த முறை, "அந்தப் பிள்ள வெயில்ல கெடக்கே" என்றாள். இன்னொரு நாள் வெகு நேரம் யோசித்துவிட்டு, தெரியல என்றாள். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

5

முடிவுகள்.

அ) மோசடிக்காரன் பிடிபட்டான். (இல்லை. காவல் நிலையத்தில் புகார் இருக்கிறது. ஆள் எந்த ஊர் என்றே தெரியவில்லை.)

ஆ) மாயக்காள் பயிற்சி மையத்தின் மேடையில் ஏறித் தன் கதையைச் சொன்னாள், எல்லோரும் கை… (கூப்பிட்டார்கள். திராட்சைக்குக் கவாத்து வெட்டும் வேலை இருக்கிறது என்று போகவில்லை.)

இ) பணம் காப்பாற்றப்பட்டது. (ஆமாம். ஆனால் அது அன்று மத்தியானமே தெரிந்த விஷயம்.)

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கட்டத்துக்குள் எதையும் எழுதவிடவில்லை. மாயக்காள் முகம் கழுவி, காப்பி போட்டு எடுத்துவந்தாள். தெருமுனையில் இருந்து திரும்பிய இம்மானுவேலும் சேர, மூவரும் படியில் உட்கார்ந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். தேவயானி இயந்திரத்தைப் பற்றி, விரலைப் பற்றித் தனக்குத் தெரிந்தவரை சொன்னாள்.

"என் கை நடுங்குனத அது பாத்துச்சாக்கும்" என்றாள் மாயக்காள். தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள். சாமி அறையில் பேசுவதுபோல் குரல் தணிந்திருந்தது. "பெத்த தாய் கண்டுபிடிக்கிற மாதிரியில்ல கண்டுபிடிச்சுருக்கு."

காப்பியை ஒரு வாய் குடித்தாள். பிறகு தேவயானியின் பக்கம் திரும்பினாள். அதுவரை அந்தக் காக்கிச் சட்டைக்காரரை 'அவுக' என்று சொல்லிவந்தவள், அப்போதுதான் முதல்முறையாக மாறினாள்.

"ஆனா ஆத்தா, அவனும் காலையில இருந்து என்னையப் பாத்துக்கிட்டேதான் இருந்தான். நான் பயந்துருக்கேன்னு அவனுக்கும் நல்லாத் தெரியும். இனிமே என்னையப் பாக்குறது எதுன்னு நான் எப்பிடிக் கண்டுக்கிட?"

தேவயானி பதில் சொன்னாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்த பதில். தவறு ஒன்றும் இல்லை. மாயக்காள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கேள்வி மட்டும் அவள் முகத்தை விட்டுப் போகவில்லை என்று தேவயானியே சொன்னாள். அதனால் அந்தப் பதிலை இங்கே எழுதப்போவதில்லை.

சுருளிராஜன் மலை இறங்கி வர இன்னும் நேரம் இருக்கிறது. காப்பி ஆறவில்லை. படியில் இன்னும் ஒருவர் உட்கார இடம் இருக்கிறது, உட்காருங்கள். மாயக்காள் அந்தக் கேள்வியை உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறாள்.