கல்லில் எட்டு எழுத்து

ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கிரேக்க எழுத்து வெட்டிய கல் ஒன்றே ஒன்றுதான். அதன் அடியில் யாரும் இல்லை.

ஆசிர் கப்பலில் சமையல்காரன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கிரேக்கத் துறைமுகத்தில் காய்ச்சலில் செத்துப்போனான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து ஓர் இரங்கல் கடிதமும் ஒரு போட்டோவும் வந்தன. போட்டோவில் வெள்ளைச் சிலுவை, அதில் எட்டு எழுத்து.

அப்பா லாசர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் ரைட்டராக இருந்தவர். எழுத்து என்று எதைக் கண்டாலும் தீர்ப்புச் சொல்லிவிடுவார். "ஆசிருன்னுதான் போட்டிருக்கு. அவிய ஊரு 'ஆ' இப்படித்தான் இருக்கும்" என்றார். அந்த 'ஆ' தலைகீழாக நிற்கும் 'ட' போல இருந்தது. கல் வெட்டும் குழந்தைவேல் மேலே தமிழில் ஆசிர் என்று வெட்டி, கீழே அந்த எட்டையும் பார்த்துப் பார்த்து வெட்டினார். போட்டோவை ஃப்ரேம் போட்டு வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

இந்த வருஷம் லாசருக்குக் கண் பாதி போய்விட்டது. ஆசிரின் மனைவி அபிஷாவைக் கூப்பிட்டார். "கண்ணு, அந்த ஊர்க்காரன் எம்பையன் பேரை எப்படிச் சொல்லுவான்? கல்லறைத் திருநாளன்னிக்கு ஒருக்கா படிச்சுக் காட்டு சாமி."

அபிஷாவுக்கு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. ஆள் வராத மத்தியானங்களில் செல்போனில் கிரேக்கம் படித்தாள்.

"ஏனுங்க்கா, கிரேக்க ராஜா ரூம் புக் பண்ணிட்டாருங்களா?" என்றாள் கூட வேலை செய்யும் சரண்யா.

"வந்தா நீயா பேசுவே? போய் பெட்ஷீட்டை மாத்து."

அவர்கள் அரிச்சுவடியில் இரண்டாம் எழுத்து பார்வைக்கு இங்கிலீஷ் 'பி', வாயில் 'வ'. 'ர' வரவேண்டிய இடத்தில் இன்னொரு 'பி' உட்கார்ந்திருந்தது. 'இ' என்ற ஒரே சத்தத்துக்கு ஐந்தாறு வழி வைத்திருந்தார்கள். நம் 'க' ஒன்றே கல்லிலும் பங்கிலும் மகனிலும் மூன்று விதமாகப் பேசுவதை நினைத்து அவர்களை மன்னித்தாள்.

மூன்றாம் எழுத்துதான் அந்தத் தலைகீழ் 'ட'. அது 'ஆ' இல்லை. மகனில் வரும் 'க'வைத் தொண்டைக்குள் இழுத்தால் வந்துவிடும். பின்னால் 'எ'யோ 'இ'யோ வந்தால் 'ய' ஆகிவிடும். இருக்கட்டும், ஜான் பைபிளில் யோவான் ஆவதில்லையா, ஆசிரும் அங்கே ஏதாவது ஆகியிருப்பான் என்று மேலே படித்தாள். கல்லில் இருந்த, குதிரை லாடம் போன்ற ஓர் எழுத்துமட்டும் வரவே இல்லை. அது அரிச்சுவடியின் கடைசி எழுத்து.

அது வந்த அன்று எட்டையும் கூட்டினாள், ஆறு சத்தம் வந்தது. யெ, ஓ, ர், யி, ஓ, ஸ். யெயோர்யியோஸ். செல்போனில் தேடினாள். ஜார்ஜ்.

மூன்று வருஷமாக அவள் ஃப்ரேமுக்கு முன்னால் நின்று சொல்லி அழுததும் சண்டை போட்டதும் ஏதோ ஒரு ஜார்ஜிடம். அவரும் ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை.

ஃப்ரேம் போடக் கொடுக்குமுன் செல்போனில் படம் பிடித்துவைத்த பழைய போட்டோ முழுசாக இருந்தது. ஃப்ரேமுக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் வெட்டியெறிந்த ஓரத்தில் ஒரு மண்மேடு. சிலுவை இல்லை, பெயர் இல்லை. ஒரு குச்சி, அதில் எண் எழுதிய தகடு. விரலால் பெரிதாக்கினாள். எண் கலங்கிப்போனது. இன்னும் பெரிதாக்கினாள். வெறும் மண் நிறம்தான் திரை முழுக்க.

நவம்பர் இரண்டு. தோட்டம் முழுக்கச் சாமந்தியும் மெழுகுவத்தியும். லாசர் கல்லின் முன் மண்டியிட்டு, அந்த எட்டு எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"படி கண்ணு."

அபிஷா கல்லைப் பார்த்தாள். எழுத்துகள் எல்லாம் நன்றாகவே தெரிந்தன.

"ஆசிர்" என்றாள்.

"அங்கயும் ஆசிருதானா?"

"ஆமாங்க மாமா. கொஞ்சங்கூட மாறலீங்க."

லாசர் நெடுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். "நாந்தான் அன்னிக்கே சொன்னனே."

அவள் ஒரு மெழுகுவத்தியைக் கல்லடியில் ஏற்றினாள். இன்னொன்றைக் கொஞ்சம் தள்ளி, வெறும் மண்ணில் நட்டு ஏற்றினாள். லாசருக்கு இரண்டு வெளிச்சமாக மங்கலாகத் தெரிந்தது.

"ரெண்டு எதுக்கு சாமி?"

"காத்து நொம்ப அடிக்குதுங்க மாமா. ஒண்ணு அணைஞ்சாலும் ஒண்ணு இருக்கட்டுமுங்க."