கூரைக்குள் குடியிருந்தவர்கள்

மேஸ்திரிக்குத் தன் கைப்பூச்சின் மேல் அப்படியொரு கர்வம். அவர் பூசிய சுவரில் எறும்பு நுழையக்கூட இடமிருக்காது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான். அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய தானியக் கொட்டகையை அறையாக மாற்றும் வேலையை வேறு யாருக்கும் விடுவாரா? அக்கா மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. அவள் பிள்ளையோடு படுக்க ஓர் அறை வேண்டும்.

கூரை ஓட்டுக்கும் அடியில் அடித்திருந்த பலகைக்கும் நடுவே வவ்வால்கள் இருப்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. சுவரோரம் முழுக்க எச்சம்.

"வன அலுவலகத்துக்குச் சொல்லணும்க்கா. சட்டம் அப்படி. சொன்னா வேலையை நிறுத்திடுவாங்க."

"உன் மருமகளோட பிரசவத்தை எந்தச் சட்டம் தள்ளிப்போடும்?" என்றாள் அக்கா.

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "சாகடிக்கத்தானே கூடாது? சாயங்காலம் எல்லாம் இரை தேடப் போயிடும். போனதும் அதுங்க நுழையுற சந்தை அடைச்சிடுறேன். ஒரு உயிருக்கும் சேதமில்ல. வேற இடம் பார்த்துக்கும்."

பொழுது சாயும்போது ஏணியில் காத்திருந்தார். கூரை விளிம்பான இறவாணத்தடியிலிருந்த சந்திலிருந்து ஒன்று வந்தது, பிறகு இரண்டு, பிறகு தண்ணீர் கொட்டுவது போல விடாமல் வந்தன. கடைசி வவ்வால் போனதும் சிமெண்டை அப்பி, வழித்து, மெருகேற்றினார். வழக்கம்போல எறும்புக்கும் இடமில்லை.

கரணையைக் கழுவிவிட்டுச் சுவரில் சாய்ந்து டீயை வாயில் வைத்தவருக்கு உள்ளேயிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. ஒன்றல்ல, நூறு இருக்கும். அக்கா சுவரில் காதை வைத்தாள்.

"குட்டிங்கடா," என்றாள். "பறக்கத் தெரியாத குட்டிங்கள உள்ள வச்சுப் பூசிட்டியே."

மேஸ்திரி டீயைக் கீழே வைத்தார். அதற்குள் தாய்கள் பால் கொடுக்கத் திரும்பிவிட்டன. ஒன்றுகூட வேறு இடம் பார்க்கவில்லை. ஈரச் சிமெண்டில் வந்து ஒட்டின, வழுக்கி விழுந்தன, மறுபடியும் வந்து ஒட்டின.

அவர் ஏணியில் தாவி ஏறினார். கரணையை எடுக்கவும் தோன்றவில்லை, வெறுங்கையால் பிய்த்தார். காதோரம் சிறகுகள் உரசின, ஆனால் எதுவும் கடிக்கவில்லை. சந்து திறந்ததும் டார்ச்சைத் துண்டில் சுற்றி, அந்த மங்கல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார்.

பலகை முழுக்க ரோமமில்லாத குட்டிகள், இடைவெளியே இல்லாமல், அத்தனையும் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன. ஒரு தாய் நுழைந்தது. கத்தும் வாய்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, முகர்ந்து, ஒரு குட்டியிடம் மட்டும் போய் அதைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. கீச்சொலியில் ஒரு குரல் குறைந்தது. அடுத்த தாய் வந்தது, இன்னொரு குரல் குறைந்தது. எதுவும் ஆள் மாறவில்லை. மேஸ்திரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் கூரைகளுக்கடியில் வேலை செய்தும் தான் எதையுமே பார்த்ததில்லை என்று பட்டது.

"எப்படிக்கா கண்டுபிடிக்குதுங்க?"

அக்காவும் ஏணியில் பாதி ஏறி நின்றிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வன அலுவலருக்கு அவரே போன் செய்து, அடைத்ததையும் மறைக்காமல் சொன்னார். நேரில் வந்த அந்தப் பெண் அலுவலர் அவரை லேசில் விடவில்லை. "குட்டிங்க பறந்து போற வரைக்கும் இந்தக் கூரையில யாரும் கை வைக்கக் கூடாது. நீங்க அடைச்சதுக்கு விசாரணையும் உண்டு," என்றார். மேஸ்திரி எதிர்த்துப் பேசாதது ஊருக்கே புதுச் செய்தி.

அந்த வாரமே அக்கா மகள் வயிற்றைப் பிடித்தபடி ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

"என் ரூம் எங்க மாமா?"

மேஸ்திரி கொட்டகைக் கூரையைக் காட்டினார். அக்கா பெட்டியை வாங்கித் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

"அங்க உனக்கு முன்னாடியே பிள்ளை பெத்தவங்க இருக்காங்க," என்றாள். "நீ என் கட்டில்ல படுத்துக்கோ."