சேவல் போட்ட துண்டு

ஊரில் என்னைக் கை சுத்தமானவள் என்பார்கள். இருபத்தாறு வருடம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தும் ஒரு சாக்பீஸைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை, அதனால். அந்தப் பெயரைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏனென்று சொல்கிறேன்.

மால்டோவாவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். வால்நட்டின் பச்சைத் தோலை உரிக்கிறவர்களுக்கு விரல் பத்தும் கறுத்துப்போகும். சோப்பு, சாம்பல், மணல், எதற்கும் அந்தக் கறை மசியாது. மேல்தோல் தானாக உரிந்து போகிறவரை காத்திருக்க வேண்டியதுதான். இது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டு மூட்டை மூட்டையாக உரித்தவள்தான் நானும்.

இருந்தும் அந்தப் படத்தை வரைந்தேன். சீதபேதிக்கு எங்கள் பேச்சில் ‘அழுக்குக் கை நோய்’ என்றுதான் பெயர். டாக்டர்களும் அப்படியே சொல்வார்கள். பள்ளிகளில் கைகழுவக் கற்றுக்கொடுக்கச் சொல்லி மாவட்டத்திலிருந்து கடிதம் வந்ததும், பெரிய அட்டையில் இரண்டு கைகள் வரைந்தேன். ஒன்று வெள்ளை, சிரிக்கிற கை. இன்னொன்று கறுப்பு, கொம்பு முளைத்த கை. என் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். அதில் கறுத்த கை ஒரே ஒருத்திக்குத்தான். எட்டு வயது சவேத்தா. அவள் அம்மா அகாஃபியா வியாபாரிக்கு வால்நட் உரித்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். பள்ளி விட்டதும் சவேத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பாள்.

கை பார்க்க ஒரு பிள்ளையை நியமிப்பது இங்கே பழைய வழக்கம். சிவப்புச் சிலுவை தைத்த பட்டையை கொரினாவின் கையில் கட்டிவிட்டேன். கடைக்காரி தோம்னிகாவின் மகள். பட்டை ஏறினதும் அவளுக்குப் போலீஸ் மிடுக்கு வந்துவிட்டது.

“கையைக் காட்டு.”

“கழுவிட்டேன் கொரினா.”

“இது கழுவின கையா? கரிச்சட்டி! டீச்சர், இவ கையைப் பாருங்க, அந்தப் படத்துல இருக்கிற பேய்க் கை!”

“வால்நட் டீச்சர்,” என்றாள் சவேத்தா. “போக மாட்டேங்குது.”

பிள்ளைகள் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அது அழுக்கில்லை, கறை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று எனக்கு அப்போது ஒரு வீம்பு. “இன்னொரு தடவை கழுவிட்டு வா” என்றேன். அவள் போனாள். சுவரில் தொங்கும் தகரக் குடுவையிலிருந்து தண்ணீர் விழ அதன் அடியிலிருக்கும் குச்சியைத் தள்ளித் தள்ளி, ஐஸ் மாதிரி தண்ணீரில் தேய்த்துவிட்டு வந்தாள். தினமும் மூன்று தடவை, நான்கு தடவை. அந்தப் பள்ளியிலேயே அதிகம் கழுவப்பட்ட கை அதுதான்.

குடுவைக்குப் பக்கத்தில் துண்டு. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து நானே சிவப்பு நூலில் இரண்டு சேவல் போட்டது. பள்ளியைப் பார்க்க வந்த மாவட்ட அதிகாரி அதைப் படமெடுத்துக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சவேத்தா அதில் கை வைக்கப் போனபோது பதறிவிட்டேன்.

“துண்டைத் தொடாதே, கறை படும். காத்துல உதறிக்கோ.”

மற்ற பிள்ளைகள் துடைத்தார்கள். கழிப்பறையிலிருந்து வந்து துடைத்தார்கள், பத்து மணி ரொட்டிக்கு முன்னால் துடைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் துவைப்பதாகத்தான் ஏற்பாடு. துவைத்தால் சேவலின் சிவப்பு சாயம் போகுமே என்று ஒரு வெள்ளிக்கிழமை விட்டேன். அப்படியே மூன்று வெள்ளிக்கிழமை போனது.

அக்டோபர் முதல் திங்கட்கிழமை ஒரு பையனுக்கு வயிற்றுப்போக்கு. செவ்வாய்க்கிழமை நான்கு பேர். புதன்கிழமைக்குள் ஒன்பது பிள்ளைகள் மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், மூன்று பேர் வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தார்கள். கொரினாவுக்கு ரத்தமாகப் போனது. சுகாதார அதிகாரி டாக்டர் ஸ்தெலா போனில், “நாளைக்கு வர்றேன், எதையும் கலைக்காதீங்க” என்றாள்.

அன்று மாலை ஆளில்லாத வகுப்பில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நோய் வராதவர்கள் இரண்டே பேர். ஒருவன் கால் முறிந்து ஒரு மாதமாகப் பள்ளிக்கே வரவில்லை. இன்னொருத்தி சவேத்தா. ஒரே தண்ணீர், ஒரே ரொட்டி, ஒரே கழிப்பறை. அவள் தொடாதது எது?

எழுந்து போய்த் துண்டைப் பிடித்தேன். நசநசவென்று ஈரம். முகர்ந்து பார்த்தேன். அந்த வாடையை நான் எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் எழுத வேண்டும். துண்டைப் பைக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோய், பெரிய பானையில் போட்டுக் கொதிக்க வைத்தேன். காலையில் அந்த ஆணியில் காகிதச் சுருள் ஒன்றை மாட்டினேன். டாக்டர் வந்தாள். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்தாள், சமையலறையைச் சுரண்டி எடுத்தாள். “துடைக்கக் காகிதமா? ரொம்ப நல்லது டீச்சர்” என்று பாராட்டிவிட்டும் போனாள். நான் தலையாட்டினேன்.

கிணறு சுத்தம், சமையலறை சுத்தம், காரணம் தெரியவில்லை என்று அடுத்த வாரம் முடிவு வந்தது. காரணம் தெரியாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

“அந்தக் கரிக்கைக்காரிதான் கொண்டு வந்திருக்கா. டீச்சரே அவளைத் துண்டைத் தொட விடலையாமே!”

“அப்ப அவளுக்கு ஏன் வரலை?”

“பாம்புக்கு அதோட விஷம் ஏறுமா?”

என் படமும் என் பாடமும்தான் அவர்களுக்குச் சாட்சி. கடையில் அகாஃபியாவுக்குச் சாமானை எட்டி நின்று கொடுத்தார்கள். வியாபாரி, உரித்த வால்நட்டை வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன், சத்தியமாக. சவேத்தா முற்றத்தில் குந்தி, புளிப்புத் திராட்சைக் காயும் செங்கல் பொடியுமாகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் கணுக்களில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது.

“வெளுத்துடுச்சா டீச்சர்? திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறந்தா வரலாமா?”

“விடிஞ்சதுலேர்ந்து இதே வேலை,” என்றாள் அகாஃபியா. “சொன்னாக் கேக்க மாட்டேங்கறா. உள்ள வாங்க டீச்சரம்மா. ஊரே வாய்க்கு வந்ததைப் பேசுது, நீங்க ஒருத்தர்தான் எங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. உங்க புண்ணியத்தை நான் மறக்க மாட்டேன்.”

டீ கொடுத்தாள். செர்ரி ஜாம் வைத்தாள். ஜாமையும் தின்று, டீயையும் குடித்துவிட்டு, மருந்து தடவச் சொல்லிவிட்டு வந்தேன். பதினான்கு பிள்ளைகளுக்குக் கைகழுவக் கற்றுக்கொடுத்தவள், ஒரு பிள்ளையைக் கைகழுவிவிட்டேன்.

திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். கொரினா பிழைத்துவிட்டாள், இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். தோம்னிகாதான் எழுந்து பேசினாள். சவேத்தாவைப் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் மற்ற பிள்ளைகள் வரமாட்டார்கள். ஹெட்மாஸ்டர் திரிஃபான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “சரி, ஓட்டுக்கு விடுவோம். எடுக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க” என்றார். தீர்மானத்தை எழுதவேண்டியவள் நான்.

கைகள் எழுந்தன. பாதிக் கைகளின் நகக்கண்ணில் அதே வால்நட் கறை இருந்தது. பின்சுவரோரம் அகாஃபியா நின்றிருந்தாள். பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

“கையை இறக்குங்க,” என்றேன். “துண்டுதான் காரணம். என் துண்டு. மூணு வாரம் துவைக்காமத் தொங்கவிட்டேன். உங்க பிள்ளைங்க எல்லாம் அதுலதான் துடைச்சாங்க. சவேத்தாவை மட்டும் நான் தொட விடலை, அதனாலதான் அவளுக்கு வரலை. டாக்டர் வர்றதுக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும். நானே எடுத்துக்கிட்டுப் போய்க் கொதிக்கவெச்சு மறைச்சேன்.”

காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் தேவலை. தோம்னிகா எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள்.

“அட, அழாதீங்க டீச்சர். வேணும்னேவா செஞ்சீங்க? எங்க வீட்டுலயும் எல்லாருக்கும் ஒரே துண்டுதான்.”

“இருபத்தாறு வருஷமா நம்ம பிள்ளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கறவங்க. மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும்.”

“பயத்துல மறைச்சுட்டாங்க, பாவம். யாராவது தண்ணி குடுங்கப்பா.”

ஹெட்மாஸ்டர், டாக்டருக்கு மறுநாள் அவரே போன் பண்ணிப் பேசிக்கொள்வதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். நாற்காலிகள் நகர்ந்தன. போகிறவர்கள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். பின்சுவர்ப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

மற்ற பெற்றோர் எல்லாரும் போனபின் அகாஃபியா மேசைக்கு வந்தாள்.

“அஞ்சு நிமிஷம்கூட ஆகலை, உங்களை மன்னிச்சுட்டாங்க.”

“அகாஃபியா, நான்...”

“அவளுக்கு எட்டு வயசு டீச்சர். இத்தனை நாள்ல ஒருத்தர் வாய்லேர்ந்து பாவம்னு ஒரு சொல் வரலை. அவங்களை விடுங்க. நீங்க அன்னிக்கு என் வீட்டுல உக்காந்து டீ குடிச்சீங்க. எம் பொண்ணு கையைப் பாத்துக்கிட்டே குடிச்சீங்க.”

தீர்மானம் எழுத வைத்திருந்த தாளை மடித்தேன்.

“மாறுதல் சான்றிதழ் எழுதுங்க. அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கறேன்.”

அடுத்த ஊர் நான்கு கிலோமீட்டர், பஸ் கிடையாது. வேண்டாம் என்று கெஞ்சினேன். அவள் நின்றபடியே நின்றாள். படிவத்தை எடுத்தேன். பெயர், பிறந்த தேதி, வகுப்பு. ‘விலகும் காரணம்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வாசலிலிருந்து ஹெட்மாஸ்டர், “வழக்கமா எழுதறதையே எழுதுங்க டீச்சர், எதுக்கு வம்பு” என்றார்.

‘பெற்றோரின் விருப்பம்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.