பத்தொன்பதாவது கட்டளை

அய்யப்பன் பைக் ஹேண்டிலில் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தபோது செல்வி லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மூங்கில்துறைப்பட்டே கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலை அது. தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு கலெக்டர் ஆபீஸ் முன்னால் மனு கொடுக்கும் போராட்டம். வழியெல்லாம் மறியல் இருக்கும் என்று பேச்சு. கரும்பு ஏற்ற வேண்டிய டிராக்டர்களில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். முகக்கவசம் பாதிப் பேருக்குத் தாடையில் தொங்கியது. அய்யப்பன் போகிற போக்கில் பெண்டாட்டியைக் கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கும் அப்துல் ஜலீல் பாயின் எடைமேடையில் இறக்கிவிட வேண்டும், சாயங்காலம் திரும்பும்போது ஏற்றிக்கொள்ள வேண்டும். முந்தின நாளே பேசி முடித்த ஏற்பாடு.

"லோடே வராத நாள்னா அது நாளைக்குத்தாங்க. மத்த நாள்ல பாய் மெஷினத் தொட வுட மாட்டாரு" என்று அவள் சொன்னபோது அவன் சிரித்தான்.

"நாங்க ரோட்ட மறிச்சாத்தான் உனுக்கு வேல நடக்குது" என்றான்.

அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாத பாதியை அவள் பத்து நாளாகச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வருஷம் செந்தமிழ்ச்செல்வி பெங்களூரில் டிரைவர் எழுதினாள். இதைச் சொன்னால் ஊரில் எல்லோரும் வண்டி ஓட்டுகிற டிரைவரைத்தான் நினைத்தார்கள், அவளும் திருத்தி அலுத்துவிட்டாள். கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒன்று உட்கார்ந்து மொத்தத்தையும் ஆள்கிறது. அதில் சொருகுகிற ஒவ்வொரு மின்னணு அட்டையோடும் அது எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித் தருகிற நிரல்தான் டிரைவர். மாமனார் ஆதிமூலம் பக்கவாதத்தில் விழுந்தபோது அவளுக்கு ஏழு மாசம். "ஒரு ஆறு மாசம் வூட்டோட இரு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் அய்யப்பன். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆறு மாசம் என்று நினைத்துத்தான் சொன்னான். மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு, அதுவும் பள்ளிக்கூடம் மூடியிருப்பதால் மாமியார் அமிர்தத்தின் போனில்.

பழைய குழுவில் கூட இருந்த சுப்புராயன் இப்போது அதற்குத் தலைவன். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவன், பேச்சுவாக்கில், ஒரு இடம் காலியாக இருக்கிறது என்றான். ஆறு வருஷ இடைவெளியைப் பார்த்தால் மேலே இருப்பவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், அதனால் கையில் எதையாவது காட்ட வேண்டும் என்றான். அவன் அனுப்பியது எடையும் அழுத்தமும் அளக்கிற, அவர்கள் கம்பெனியின் பழைய அட்டை ஒன்றின் டிரைவர். அதில் ஐஆக்டல் பகுதியை ஒழுங்குபடுத்தித் தா, சரியாக வந்தால் நான் சண்டை போட்டு உள்ளே இழுக்கிறேன் என்றான். இரண்டாவதாக இன்னொன்றும் சொன்னான். ஜனவரியில் புது போர்டு வருகிறது, அதை வீட்டுக்கு வீடு அனுப்ப முடியாது, பெங்களூருக்கு வந்துதான் ஆக வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் அவள் வீட்டில் சொல்லவில்லை.

வேலை என்னவோ பார்க்கச் சின்னதுதான். கருவியிடம் 'படி', 'எழுது' என்பதற்கு மேல் சொல்ல வேண்டியதெல்லாம் ஐஆக்டல் என்ற ஒரே வாசல் வழியாக வரும். சைபருக்குக் கொண்டுவா, அளக்கும் வேகத்தை மாற்று, எத்தனை அழுத்தம் என்று சொல், எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர். அந்த டிரைவரில் அத்தனை நம்பரும் ஒரே ஃபங்ஷனுக்குள், அதாவது நிரலின் ஒரே துண்டுக்குள், கிடந்தன. ரேஷன் கடையில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கைரேகைக்கும் ஒரே வரிசை நிற்குமே, அந்தக் கதை. பத்து வருஷமாக ஆளாளுக்கு வந்து ஒரு நம்பரைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். செல்வி அதைப் பிரித்தாள். ஒவ்வொரு கட்டளைக்கும் தனி ஃபங்ஷன். நம்பர், அதற்குரிய ஃபங்ஷன், வரும் தரவின் அளவு, யார் கேட்கலாம் என்ற அனுமதி எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் அடுக்கினாள். மத்தியான வேளைகளில் மாமனாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு மாடியில் உட்கார்ந்து செய்தாள். அவளுக்கு அந்த இடத்தின் மேல் இருந்த ஏக்கத்தைச் சொல்லி மாளாது. சம்பளத்துக்காக ஏங்கவில்லை. ஒயரும் போர்டுமாக இறைந்து கிடந்த அந்த மேஜை, ஈயம் உருகுகிற வாசனை, ஒரு வரிக்காக நாலு பேர் காபி ஆறிப்போகும் வரை போட்ட சண்டை, அதில் தன் குரலும் எடுபட்டது, இதெல்லாம் வேண்டியிருந்தது. இங்கே அவள் குரலுக்குக் குறைச்சலில்லை, ஆனால் அது உப்பு சரியா என்று கேட்பதற்கே போனது.

செய்த வேலையை நிஜ அட்டையில் ஓட்டிப் பார்க்காமல் அனுப்ப முடியாது. அந்தப் பழைய அட்டை சுற்றுவட்டாரத்தில் எங்கே இருக்கும் என்று மண்டையைக் குடைந்தபோதுதான் பாயின் எடைமேடை நினைவுக்கு வந்தது. ஒரு தடவை டிராக்டரோடு போனபோது, மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி வரும் லாரிகளை எடை போடும் அந்த அறையில், மூடி கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அதை அவளே கண்ணால் பார்த்திருந்தாள்.

பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அறுபதைத் தாண்டிய மனிதர், எதையும் கொஞ்சம் பயத்தோடுதான் தருவார். "பழசு அப்டியே திரும்ப வந்துடும்ல, ம்மா? இது படுத்துக்கினா எனக்கு யாவாரமே இல்ல."

"மொதல்ல காப்பி எடுத்து வெச்சிடறேன் பாய். வரலன்னா நான் வூட்டுக்கே போவ மாட்டேன்."

அவள் பழைய டிரைவரை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டுப் புதியதை அங்கேயே தொகுத்து ஏற்றினாள். கெர்னல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. பாய் தன் டி.வி.எஸ்.ஸை மேடையில் ஏற்றி நிறுத்தினார், எடை வந்தது. வேகத்தை மாற்றிப் பார்த்தாள், அதுவும் வந்தது. அவள் எழுதிய சோதனைகள் எல்லாமே ஒவ்வொன்றாகத் தேறின. "இப்ப நீங்க தெனம் பண்ற மாதிரி பண்ணுங்க பாய்" என்று எழுந்து இடம் கொடுத்தாள். பாய் உட்கார்ந்து, காலையில் கடை திறந்ததும் எதை அமுக்குவாரோ அதை அமுக்கினார். திரை ஒரு நொடி உறைந்தது, பிறகு எடை போடும் நிரல் மொத்தமாக மூடிக்கொண்டது.

பாய் இரண்டு கையையும் மேஜையிலிருந்து எடுத்துவிட்டார். "நான் ஒண்ணும் பண்லம்மா."

செல்வி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கே உடைந்தது என்று பின்தொடர்ந்து பார்த்தாள். அந்த நிரல் கெர்னலிடம் பத்தொன்பதாம் நம்பர் கட்டளையைக் கேட்டிருந்தது. பழைய முறையில் சைபருக்குக் கொண்டுவருவது. அதற்குப் புதிய கட்டளை எப்போதோ வந்துவிட்டது, 'பத்தொன்பது வழக்கொழிந்தது' என்று நிரலிலேயே குறிப்பு இருந்தது. அட்டவணையில் அந்த ஒரு வரிசை அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருந்ததால் அவள் எடுத்துப் போட்டிருந்தாள். வெளியே ஒருத்தருக்குக் கொடுத்த நம்பரைத் திரும்பப் பிடுங்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் நுழைகிறவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். யார் எங்கே அதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதுகிறவனுக்குத் தெரியாது. அவளே புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறாள். அழகாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறொன்றுமில்லை.

திரையில் கெர்னல் தந்த பிழைச் செய்தி நின்றது. தெரியாத கட்டளை வந்தால் கெர்னல் தருகிற அந்தப் பதிலுக்குப் பழங்காலத்து வாசகம், 'இது டைப்ரைட்டர் அல்ல'. குழுவில் யாராவது ஆகாத காரியத்தைக் கேட்டால் மற்றவர்கள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, நான் டைப்ரைட்டர் இல்லப்பா என்பார்கள். செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பினால் பாய் பயந்த முகத்தோடு நின்றார். இந்தச் சிரிப்பைப் புரிந்துகொண்டு கூடச் சிரிக்க அந்த வட்டாரத்தில் ஒரு ஜீவன் இல்லை. சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டு அழுகையாகப் பார்த்தது, அவள் தண்ணீர் குடித்து அதை அடக்கினாள்.

பத்தொன்பதுக்கு ஒரு ஃபங்ஷன் எழுதி, அட்டவணையில் அதன் பழைய இடத்திலேயே வரிசையை வைத்தாள். பாய் மறுபடி அமுக்கியபோது சைபர் வந்தது. அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு அவர் டீ வாங்கி வரப் போனார். அவரிடம் சொன்னபடி பழைய டிரைவரைத் திரும்ப ஏற்றிவிட்டு, அவள் போன் வழியாக எல்லாவற்றையும் அனுப்பிவைத்தாள், பத்தொன்பதில் விழுந்து எழுந்ததையும் மறைக்காமல் எழுதினாள்.

சாயங்காலம் சுப்புராயன் கூப்பிட்டான். "செல்வி, நான் மேல பேசிட்டேன். அந்தப் பத்தொன்பத நீயே புடிச்சு எழுதுனது அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. ஜனவரிக்கு வர்றியா, இல்லையா? அத இன்னிக்கே சொல்லணும்."

"வரேன்" என்றாள். சொன்ன பிறகுதான் யாரையும் கேட்காமல் சொன்னது உறைத்தது.

மறியல் கலைந்துவிட்டது போலும். மலைப்பக்கமிருந்து மரவள்ளி லாரி ஒன்று மெதுவாக வந்து ரோட்டோரம் நின்றது. அதை முந்திக்கொண்டு அய்யப்பன் வந்தான், நேராக மேடை மேலேயே பைக்கை ஏற்றி அவள் முன்னால் நிறுத்தினான். வெயிலில் முகம் கறுத்திருந்தது, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"ஆச்சா? ஏறு."

அவள் மேடையில் ஏறி நின்றாள், பைக்கில் ஏறவில்லை. "வேல கெடச்சிட்ச்சிங்க."

"பரவால்லியே. வூட்லேர்ந்துதானே?"

"இல்ல. பெங்களூர். ஜனவரிலேர்ந்து. வரேன்னு சொல்லிட்டன்."

அவன் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டான். கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது. "நம்ம புள்ளைக்கி நாளைக்கி ஒரு சீட்டு கெடைக்கணும்னு காலைலேர்ந்து தொண்ட கிழியக் கத்திக்கினு வரன். நீ இன்னாடான்னா புள்ளைய வுட்டுட்டுப் போறன்ற."

"கூட்டிக்கினும் போவேன், வுட்டுட்டும் போவேன். எப்டின்னு நீங்க சொல்லுங்க." அவள் குரல் தாழ்ந்தே இருந்தது. "எனக்கும் ஒரு காலேஜ் சீட்டு கெடச்சிதுங்க. எண்பத்தேழுல எங்கப்பா இதே மாதிரி ரோட்ல படுத்துக் கெடந்து வாங்குன ஒதுக்கீட்டுல வந்தது. அது நம்ம வூட்ல இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்குது?"

அவன் வண்டியைக் கிளப்பவும் இல்லை, ஏறு என்று இன்னொரு முறை சொல்லவும் இல்லை. உள்ளேயிருந்து பாய், "ரெண்டு பேரும் மேடைய வுட்டு எறங்குங்க, ம்மா, லாரி நிக்குது" என்றார். யாரும் அசையவில்லை. அறையின் மேல் இருந்த பலகையில் இருவரும் வண்டியுமாகச் சேர்ந்த எடை, இருநூற்று நாற்பதில் ஒரு நிமிஷம் நிற்பதும் இருநூற்று ஐம்பதுக்குத் தாவுவதுமாகச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு அதையே பார்த்தார்.