பெயர் ஒட்டாத இரண்டு பாட்டில்கள்

பாறையில் துளை போடும் வேலையில் பதினெட்டு வருடமாக இருப்பவர் அவர். தன் ரிமோட் பந்தயக் காரைப் பொம்மைக் கார் என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். "பொம்மையா? மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடுற பொம்மைய எங்கய்யா பார்த்தே?" என்பார். ரிமோட்டைப் பிடித்து ஓட்டுகிறவன் மச்சான். மனைவியின் தம்பி, பஸ் டிரைவர். கழற்றுவது, மாட்டுவது, சரிசெய்வதெல்லாம் அவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவருக்கும் கிடங்குக்குப் பின்னால் பந்தயம் நடக்கும் தார்த்தரைதான் கதி.

அன்று இரண்டு தகுதிச் சுற்றிலும் கார் சுழன்று நின்றது. பாக்கி ஒன்றுதான். அதில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் இறுதிப் போட்டி, இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த ஆறுக்குள் நுழைய மூன்று வருடமாக நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, வலது வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகுது. இடது வளைவுல மட்டும் பின்பக்கம் வீசிடுது." மச்சான் காரை மேஜைமேல் வைத்தான். "என் பஸ்ஸா இருந்தா பாதிப் பேர் ஜன்னல் வழியா இறங்கியிருப்பாங்க."

"அது உன் பஸ்ல தினமும் நடக்கறதுதானே?"

சிரித்துக்கொண்டே காரைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு வளைவில் மட்டும் வீசுகிறது என்றால் பின்சக்கரங்களைத் தாங்கும் இரண்டு ஷாக்குகளும் ஒத்துப்போகவில்லை. சுண்டுவிரல் பருமன் குழாய். உள்ளே எண்ணெய், வெளியே ஸ்பிரிங். காலையில் வெயிலைப் பார்த்து எண்ணெயை மாற்றியது அவர்தான். ஒன்றில் கெட்டி எண்ணெய், இன்னொன்றில் இளசு என்று ஊற்றித் தொலைத்திருக்கிறார்.

அவர் மேஜையில் இருந்தது இரண்டே பாட்டில். இரண்டிலும் பெயர் கிடையாது, எண் கிடையாது. நிறமும் ஒன்றுதான், சாய்த்துப் பார்த்தாலும் பிரிக்க முடியாது. "ஒரு சொட்டு வச்சு விரலால தேய்ச்சா தெரிஞ்சிடும். எழுதி ஒட்டறது மருந்துக்கடைக்காரன் வேலை," என்று பக்கத்து மேஜைப் பல் டாக்டரை வாராவாரம் கேலி செய்வார். டாக்டர் எல்லாப் பாட்டிலிலும் எண் எழுதிவைப்பவர்.

"நேரம் எவ்வளவு இருக்கு?"

"ஏழு நிமிஷம் மாமா."

ஏழு நிமிடத்தில் ஒரு ஷாக்கைத்தான் கழற்றி, ஊற்றி, காற்றுக்குமிழி போக்கி மாட்ட முடியும். வலது பக்கம் இருக்கும் அதே எண்ணெயை இடது பக்கத்தில் ஊற்றினால் போதும். அது எந்தப் பாட்டில்?

இடது ஷாக்கைத் திறந்து எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தார். இதோடு ஒத்துப்போகாத பாட்டில்தான் வேண்டியது. முதல் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு, இரண்டாவதிலிருந்து ஒரு சொட்டு. செருப்பைச் செருப்பால் தேய்த்த மாதிரி இருந்தது. எண்ணெய் இருப்பதே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.

மழைக்காலத்துக்கு முன்பே விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. துளை போடும் மெஷினின் அதிர்வு தின்றது போக மிச்சம் இவ்வளவுதான். சட்டைப் பொத்தானைக்கூடக் கண்ணாடியைப் பார்த்துத்தான் போடுகிறார். யாரிடமும் சொல்லவில்லை.

"எது மாமா?"

தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்.

"இதுதான்." கைக்கு அருகில் இருந்ததைத் தொட்டார்.

"நீங்க சொன்னா சரி." மச்சான் பாட்டரி மாற்றப் போய்விட்டான்.

மாட்டி முடித்தபோது ஸ்பிரிங்கில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஸ்பிரிங்கின் கம்பி முனை கட்டைவிரலைக் கிழித்திருந்தது. வலியே இல்லை. விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

கடைசித் தகுதிப் போட்டியில் மூன்று சுற்று வரை கார் நான்காவதாக ஓடியது. ஒருவேளை சரியாக அமைந்துவிட்டதோ என்று அவர் மூச்சுவிட்டார். நான்காவது சுற்றில், இடது வளைவில், பின்பக்கம் விசிறியது. கார் ஓரத்துப் பலகையில் மோதிக் குப்புற விழுந்தது. பின்சக்கரம் ஒன்று தனியாக உருண்டது.

மச்சான் ரிமோட்காரர்கள் நிற்கும் மேடையிலிருந்து இறங்கி வந்தான். "என் தப்பு மாமா. நாலாவது இடம்னதும் தலைகால் புரியல. வேகத்தைக் குறைச்சிருக்கணும்."

தலையாட்டிவிட்டால் போதும், கதை அதோடு முடிந்துவிடும். அவரால் முடியவில்லை.

"உன் தப்பு இல்லடா. எனக்கு விரல் செத்துப்போச்சு. குருட்டாம்போக்குல ஊத்தினேன்."

மச்சான் அவர் கையைப் பார்த்தான். "எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாலேர்ந்து."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"ம்ஹூம்."

"வேலை செய்யற எடத்துல?"

"தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு வேற என்னடா தெரியும்?"

மச்சான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பிறகு இரண்டு பாட்டிலையும் எடுத்து, இரண்டு கையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தேய்த்தான். அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டும் எண்ணெயாத்தான் மாமா தெரியுது," என்றான்.